டப்பா யோகர்ட்: சத்தா, சீனியா?



சம்பளம் கிடைத்த ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு பட்டணத்துக்குப் போகிறோம். பேரங்காடியில் அரிசி, எண்ணெய், சவர்க்காரம் எல்லாம் வண்டியில் ஏறிய பிறகு, குளிர் அலமாரிப் பக்கம் பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள். சிவப்பு, மஞ்சள், ஊதா என்று அடுக்கி வைத்த சின்னச் சின்ன டப்பாக்கள். மேலே ஸ்ட்ராபெரி, மாம்பழம், புளூபெரிப் படங்கள். "அம்மா, இது வேணும்மா!" என்று பிள்ளை கேட்டால், "மிட்டாய் கேக்கல, தயிர்தானே கேக்குது, சத்துதானே" என்று நாமும் எடுத்துப் போட்டுவிடுகிறோம்.

சத்துதானா? எவ்வளவு சத்து? அந்தக் காசுக்கு அது தகுமா? இந்த மாதம் சுகாதாரப் பகுதியில் இதைத்தான் பார்க்கப் போகிறோம். யோகர்ட் நல்லது, கெட்டது என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. டப்பாவைக் கையில் எடுத்தால் நீங்களே எடைபோட்டுப் பார்க்கும் வழியைச் சொல்லப் போகிறோம்.

யோகர்ட் என்பது என்ன?

யோகர்ட் என்பது நம் வீட்டுத் தயிரின் உறவுக்காரன்தான். காய்ச்சிய பாலில் உறை ஊற்றினால், அதிலுள்ள நுண்ணுயிர்கள் பாலில் இயற்கையாக இருக்கும் 'லாக்டோஸ்' என்ற பால்சீனியைத் தின்று புளிப்பு அமிலமாக மாற்றுகின்றன. அந்தப் புளிப்பினால் பால் இறுகித் தயிராகிறது. நம் வீட்டு உறையில் பல வகை நுண்ணுயிர்கள் கலந்திருக்கும். தொழிற்சாலை யோகர்ட்டில் லாக்டோபாசிலஸ் பல்கேரிகஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோபிலஸ் என்ற இரண்டு வகையை அளவாகச் சேர்க்கிறார்கள். வேறு சில வகைகளைக் கூடுதலாகச் சேர்ப்பதும் உண்டு.

பல்கேரியா நாட்டுக் கிராமத்து மக்கள் புளித்த பாலைச் சாப்பிட்டுத்தான் நெடுநாள் வாழ்கிறார்கள் என்று மெச்னிகோவ் என்ற விஞ்ஞானி நூறாண்டுக்கு முன்பு சொன்னார். 1908-ல் நோபல் பரிசு பெற்றவர் அவர். (பரிசு தயிருக்காக அல்ல, உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தி பற்றிய ஆராய்ச்சிக்காக.) அதன் பிறகுதான் ஐரோப்பாவில் யோகர்ட் பரவியது. தொடக்கத்தில் அது வெறும் புளித்த தயிர்தான். 1933-ல் பிராகு நகரத்துப் பால் பண்ணை ஒன்று அதில் பழ ஜாம் சேர்த்து விற்கும் முறையைக் கொண்டுவந்தது. ருசி யோகர்ட்டின் கதை அப்படித்தான் வளர்ந்தது. இன்று நம் ஊர்ப் பேரங்காடியில் ருசியூட்டிய டப்பாக்களுக்கு நடுவே வெறும் யோகர்ட்டைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

வெறும் தயிரில் என்ன இருக்கிறது?

முழுக் கொழுப்புப் பாலில் செய்த வெறும் யோகர்ட் 100 கிராம் எடுத்துக்கொண்டால், ஏறக்குறைய 60 கலோரி, புரதம் மூன்றரை கிராம், கொழுப்பு மூன்று கிராமுக்குச் சற்று மேல், பால்சீனி நாலரை கிராம், சுண்ணாம்புச் சத்து 120 மில்லிகிராம் இருக்கும்.

நன்கு வளர்ந்த ஆளுக்கு ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து தேவை. ஒரு கிண்ணம் தயிர், அதாவது 200 கிராம் சாப்பிட்டால், அதில் கால்பங்கு கிடைத்துவிடுகிறது. எலும்புக்கும் பல்லுக்கும் இது நல்லது. பால் குடித்தால் வயிறு உப்புகிறது, கலக்குகிறது என்பவர்களில் பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்ளும். பால்சீனியில் ஒரு பகுதியை நுண்ணுயிர்கள் முன்பே தின்றுவிடுகின்றன. மீதியைச் செரிக்கவும் அவை கைகொடுக்கின்றன.

ஆனால் தயிரில் இல்லாததும் உண்டு. இரும்புச் சத்து அதில் இல்லையென்றே சொல்லலாம். இரத்தச் சோகை உள்ள பெண்கள், "தினமும் யோகர்ட் சாப்பிடுறேன், உடம்பு தேறிடும்" என்று இருந்துவிடக் கூடாது. அதற்குக் கீரை, பருப்பு, மீன், முட்டை, இறைச்சி வேண்டும். கிளினிக்கில் கொடுக்கும் மாத்திரையும் வேண்டும்.

ருசி சேர்த்தால் என்ன ஆகிறது?

வெறும் தயிர் புளிக்கும். பிள்ளைகள் முகம் சுளிக்கும். ஆகவே சீனி சேர்க்கிறார்கள். பழத்தின் நிறம் வேண்டும் என்று சாயம் சேர்க்கிறார்கள். மணம் வேண்டும் என்று வாசனைச் சரக்கு சேர்க்கிறார்கள். தண்ணீர் பிரியாமல் கெட்டியாக நிற்க மாவும் ஜெலட்டினும் சேர்க்கிறார்கள். இவற்றுக்கெல்லாம் டப்பாவில் இடம் வேண்டுமல்லவா? அந்த இடம் பாலிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. பால் குறைந்தால் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் குறையும், சீனி கூடும். ருசி யோகர்ட்டின் கணக்கு இவ்வளவுதான்.

இதற்காக ருசி யோகர்ட்டை விஷம் என்று சொல்ல வேண்டியதில்லை. கேஸ் தண்ணீர், சிரப் தண்ணீர், மிட்டாய் இவற்றோடு ஒப்பிட்டால் யோகர்ட்டில் புரதம் இருக்கிறது, சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. எப்போதோ ஒரு நாள் பிள்ளை ஆசைப்பட்டுச் சாப்பிட்டால் குற்றமில்லை. "இது சத்துணவு" என்று நம்பித் தினமும் கொடுப்பதில்தான் கோளாறு. மிட்டாய் என்று தெரிந்தால் அளவாகக் கொடுப்போம். சத்து என்று நினைத்தால் அளவு பார்க்க மாட்டோம்.

டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்

முன்பக்கத்துப் படம் விற்பவருக்காக. பின்பக்கத்துச் சின்ன எழுத்துதான் நமக்காக. அது பெரும்பாலும் மலாயில் இருக்கும். நமக்கு மலாய் பேசத் தெரியும். பிள்ளைகளுக்கு வாசிக்கவும் தெரியும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையையே வாசிக்கச் சொல்லுங்கள். அதுவும் ஒரு பாடம்தான்.

முதலில் 'ராமுவான்' என்று போட்டிருக்கும் இடத்தைத் தேடுங்கள். டப்பாவுக்குள் என்னென்ன சரக்கு இருக்கிறது என்ற பட்டியல் அது. எது எடையில் அதிகமோ அது முதலில், குறைந்தது கடைசியில் என்ற வரிசையில்தான் எழுத வேண்டும் என்பது இந்நாட்டு உணவுச் சட்டம். 1985-ஆம் ஆண்டு உணவு விதிமுறைகளில் இது இருக்கிறது. ஆகவே வரிசையே பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

முதலில் 'சூசு', அதாவது பால் இருந்தால் நல்லது. முதலில் 'ஆயேர்', அதாவது தண்ணீர், இரண்டாவது 'கூலா', அதாவது சீனி என்றிருந்தால், அது பால் கலந்த சீனித் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சீனிக்கு வேறு பெயர்களும் உண்டு. குளுக்கோஸ் சிரப், புருக்டோஸ், டெக்ஸ்ட்ரோஸ், தேன், பழச்சாற்றுச் சாரம் என்று தனித்தனியாக எழுதியிருந்தாலும் எல்லாம் ஒரே குடும்பம்தான். இரண்டு மூன்று பெயர்களில் பிரிந்து நின்றால் ஒவ்வொன்றும் பட்டியலில் கீழே இறங்கிவிடும். சேர்த்துப் பார்த்தால்தான் அளவு தெரியும்.

'பெரிசா' என்றால் வாசனைச் சரக்கு. 'பெவார்னா' என்றால் சாயம். பட்டியலில் பழமே இல்லாமல் பெரிசாவும் பெவார்னாவும் மட்டும் இருந்தால், மூடியில் உள்ள ஸ்ட்ராபெரி வெறும் படம்தான். பழம் இருந்தால் பக்கத்தில் விழுக்காடு போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

சாமி கும்பிடுகிறவர்களும் சைவக்காரர்களும் கவனிக்க

யோகர்ட் கெட்டியாக நிற்கச் சில கம்பெனிகள் ஜெலட்டின் சேர்க்கின்றன. மாட்டின் தோல், எலும்பு, பன்றித் தோல், மீன் இவற்றிலிருந்து எடுக்கப்படுவது ஜெலட்டின். ஹலால் முத்திரை இருந்தால் பன்றி இல்லை என்று தெரியும். மாடு இல்லை என்று தெரியாது. மாட்டிறைச்சி சாப்பிடாத குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும். மாடு அல்லது பன்றியிலிருந்து வந்த சரக்கு இருந்தால் டப்பாவில் குறிப்பிட வேண்டும் என்பது சட்டம். 'மெங்கண்டுங்கி' என்ற சொல்லைத் தேடி, அதன் பக்கத்தில் 'லெம்பு' என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

இளஞ்சிவப்பு நிற யோகர்ட்டில் சாயத்தின் பெயருக்குப் பதில் 120 என்ற எண் இருந்தால், அது கொச்சினீல் என்ற பூச்சியிலிருந்து எடுத்த சாயம். உடம்புக்குப் பொதுவாகக் கெடுதல் இல்லை. ஆனால் சைவம் இல்லை. விரத நாளில் "தயிர்தானே" என்று சாப்பிடுகிறவர்கள் தெரிந்துகொண்டு சாப்பிடட்டும்.

சீனிக் கணக்கு போடும் முறை

பட்டியலுக்குப் பக்கத்தில் கட்டம் போட்ட சத்து அட்டவணை இருக்கும். தெனாகா (சக்தி), கார்போஹிட்ராட் (மாச்சத்து), ஜும்லா கூலா (மொத்தச் சீனி), புரோட்டின் (புரதம்), லெமாக் (கொழுப்பு) என்று வரிசையாக இருக்கும். 100 கிராமுக்கு எவ்வளவு, ஒரு முறை சாப்பிடும் அளவுக்கு எவ்வளவு என்று இரண்டு வரிசை எண்கள். இரண்டு டப்பாக்களை ஒப்பிட வேண்டுமானால் 100 கிராம் வரிசையைத்தான் பார்க்க வேண்டும். ஒரு கம்பெனி சின்ன டப்பாவில் போட்டுவிட்டு, "எங்கள் டப்பாவில் சீனி குறைவு" என்று காட்டிவிட முடியும்.

இப்போது ஒரு விஷயம். 'ஜும்லா கூலா' எல்லாமே கொட்டிய சீனி அல்ல. பாலிலேயே உள்ள பால்சீனியும் அதில் சேர்ந்துதான் இருக்கும். அதற்கு 100 கிராமுக்கு 4 கிராம் கழித்துவிடுங்கள். மீதிதான் பெரும்பாலும் மேலே சேர்த்த சீனி.

கணக்குக்காக ஒரு டப்பாவை எடுத்துக்கொள்வோம். எடை 125 கிராம். 100 கிராமுக்கு மொத்தச் சீனி 14 கிராம் என்று போட்டிருக்கிறது. 14-ல் 4 போனால் 10. டப்பா 125 கிராம் என்பதால் பன்னிரண்டரை கிராம். ஒரு தேக்கரண்டிச் சீனி ஏறக்குறைய 4 கிராம். ஆக, அந்தச் சின்ன டப்பாவில் மூன்று தேக்கரண்டிச் சீனி! நம் வீட்டில் அதே அளவு தயிரை எடுத்து, அதில் மூன்று கரண்டிச் சீனி போட்டுப் பிள்ளைக்குக் கொடுப்போமா? "ஐயோ, என்னா இனிப்பு!" என்று நாமே சொல்ல மாட்டோமா?

உலகச் சுகாதார நிறுவனம் 2015-ல் ஓர் அளவு சொன்னது. மேலே சேர்க்கும் சீனி, நாம் ஒரு நாளில் சாப்பிடும் மொத்தச் சக்தியில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும்; இருபதில் ஒரு பங்குக்குள் இருந்தால் இன்னும் நல்லது. தேன், சிரப், பழச்சாறு எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். பாலில் உள்ள சீனி சேராது. 1,500 கலோரி சாப்பிடும் பிள்ளைக்கு இது 37 கிராம். இன்னும் நல்ல அளவு 19 கிராம். மேலே சொன்ன ஒரே டப்பா, நல்ல அளவில் மூன்றில் இரண்டு பங்கைத் தின்றுவிடுகிறது. காலையில் மைலோ, பள்ளிக்கூடக் கேண்டீனில் சிரப் தண்ணீர், மாலையில் தேநீரும் பிஸ்கட்டும்... இவற்றுக்கு இடம் எங்கே?

அடுத்து புரதத்தைப் பாருங்கள். 100 கிராமுக்கு மூன்றரை கிராமோ அதற்கு மேலோ இருந்தால் பால் நிறைய இருக்கிறது என்று பொருள். 2 கிராமுக்குக் கீழே போனால் பால் குறைவு. 'கிரீக் யோகர்ட்' என்று விற்பதை முறைப்படி தண்ணீர் வடித்துச் செய்திருந்தால் புரதம் 9, 10 கிராம் வரை இருக்கும். 'கிரீக் ஸ்டைல்' என்று மட்டும் இருந்தால் எண்ணைப் பார்த்துத்தான் நம்ப வேண்டும். ஒரு கோழி முட்டையில் 6 கிராம் புரதம் இருக்கிறது என்பதையும் மனதில் வையுங்கள்.

இதைக் கொண்டு ஒரு சுருக்கு வழி சொல்கிறோம். 100 கிராம் வரிசையில் சீனி எண்ணையும் புரத எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சீனி, புரதத்தைப் போல இரண்டு மடங்குக்குள் இருந்தால் வாங்கலாம். மூன்று, நான்கு மடங்கு என்றால் அது பலகாரம். பலகாரமாகவே எண்ணி எப்போதாவது கொடுங்கள்.

கவர்ச்சி வார்த்தைகள்

'ரெண்டா லெமாக்', கொழுப்பு குறைவு என்று பெரிய எழுத்தில் இருக்கும். கொழுப்பை எடுத்தால் ருசி போகும். அதை ஈடுகட்டச் சீனியைக் கூட்டியிருக்கலாம். கொழுப்பு குறைவு என்பதும் சீனி குறைவு என்பதும் வேறு வேறு.

சீனி சேர்க்கவில்லை என்று போட்டிருந்தால், இனிப்பு எங்கிருந்து வருகிறது என்று ராமுவானைப் பாருங்கள். பழச்சாற்றுச் சாரமாக இருக்கலாம். சுக்ரலோஸ் போன்ற செயற்கை இனிப்பாகவும் இருக்கலாம். உடம்பு எடையைக் கட்டுப்படுத்தச் செயற்கை இனிப்பை நம்ப வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023-ல் அறிவுரை கூறியது. பிள்ளையின் நாக்கு இனிப்புக்கே பழகிப்போவதும் நல்லதல்ல.

'நல்ல நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில்' என்பார்கள். 'குல்தூர் ஹிடுப்', அதாவது உயிருள்ள உறை என்று இருந்தால் நல்லதுதான். நம் வீட்டுத் தயிரிலும் அது இருக்கிறது. யோகர்ட் ஆன பிறகு மீண்டும் சூடாக்கி, அலமாரியில் வெளியே வைத்து விற்கும் வகையில் நுண்ணுயிர்கள் செத்திருக்கும்.

'ஆரோக்கியத் தேர்வு' என்ற சுகாதார அமைச்சின் முத்திரை 2017 முதல் நம் நாட்டில் வழங்கப்படுகிறது. அதே வகைப் பொருள்களுக்குள் இது பரவாயில்லை என்பதுதான் அதன் பொருள். எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்பதல்ல.

"யோகர்ட் சாப்பிட்டா இனிப்புநீர் வராதாமே?" என்று சிலர் கேட்கிறார்கள். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2024-ல், யோகர்ட் தவறாமல் சாப்பிட்டால் இரண்டாம் வகை நீரிழிவு வரும் அபாயம் குறையலாம் என்று கம்பெனிகள் எழுத இடம் கொடுத்தது உண்மை. ஆனால் சான்று குறைவு என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும் என்றது. சீனி அதிகம் சேர்த்த யோகர்ட்டில் இதைப் போடுவதற்கு முன் நன்றாக யோசியுங்கள் என்று கம்பெனிகளுக்கும் சொன்னது. சீனி டப்பா மருந்தாகாது.

குடிக்கும் யோகர்ட்டும் சின்னப் புட்டியும்

டப்பா யோகர்ட்டை விடக் கவனம் வேண்டியது குடிக்கும் வகைகளில். சின்னப் புட்டிப் புளிப்புப் பால் பலவற்றில் முதல் சரக்கு தண்ணீர், அடுத்தது சீனி, பிறகுதான் பால்மாவு. புரதம் 100 மில்லிக்கு 1 கிராம், 2 கிராம்தான் இருக்கும். ஒரே மூச்சில் உள்ளே போய்விடும்; வயிறும் நிறையாது. "புட்டி சின்னதுதானே" என்று பிள்ளைகள் இரண்டு மூன்று குடித்துவிடுகிறார்கள்.

இனிப்புப் பானங்களுக்கு அரசாங்கம் 2019 ஜூலை 1-ஆம் தேதி முதல் சீனி வரி போட்டது. 100 மில்லியில் 5 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் வரி. பால் கலந்த பானத்துக்கு 7 கிராமுக்கு மேல் இருந்தால் வரி. பாலில் இயற்கைச் சீனி உண்டு என்பதால்தான் அந்தச் சலுகை. இந்த எண்களை நீங்களும் பயன்படுத்திக்கொள்ளலாம். குடிக்கும் யோகர்ட்டில் 100 மில்லிக்கு 7-க்கு மேல் போனால் அலமாரியிலேயே விட்டுவிடுங்கள். சிங்கப்பூரில் உள்ள நம் உறவினர்கள் பானங்களில் ஏ, பி, சி, டி என்ற எழுத்தைப் பார்க்கலாம். 2022 டிசம்பர் முதல் அந்த முறை நடப்பில் இருக்கிறது. டி என்றால் கடைசித் தரம்.

நமக்கு ஏன் இந்தக் கவலை?

2019-ல் நடந்த தேசிய சுகாதார ஆய்வில் இந்நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே மட்டும் பார்த்தால் ஏறக்குறைய 31 விழுக்காடு. மூன்று பேரில் ஒருவர் என்ற அளவு! 2023 ஆய்வில் நாட்டின் மொத்த எண் 15.6 விழுக்காடாக இருந்தது. அதாவது ஆறு பேரில் ஒருவர். காலில் புண் ஆறாமல் வேலைக்குப் போக முடியாதவர், வாரம் மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகிறவர், கண் மங்கியவர் என்று நம் லயத்திலேயே எத்தனை பேரைப் பார்க்கிறோம்! மரம் வெட்டுகிறவனுக்கும் குலை அறுக்கிறவனுக்கும் காலும் கண்ணும்தான் சொத்து. அது போனால் சம்பளம் போகும். தோட்டத்து வீட்டை நம்பியிருக்கும் குடும்பத்துக்கு வீடும் போகும்.

இன்னொன்று காசு. 2025-ல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி என்றானது. 26 நாள் வேலை என்று வகுத்தால் நாளுக்கு 65 வெள்ளி சொச்சம். ஒரு டப்பா 2 வெள்ளி என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். இரண்டு பிள்ளைகளுக்குத் தினம் ஒன்று என்றால் மாதம் 120 வெள்ளி. ஏறக்குறைய இரண்டு நாள் உழைப்பு! அதில் எவ்வளவு பாலுக்கு, எவ்வளவு சீனிக்கு, எவ்வளவு பிளாஸ்டிக் டப்பாவுக்கு என்று யோசித்துப் பாருங்கள்.

வீட்டிலேயே செய்யலாம்

நம் பெரியவர்கள் பல தோட்டங்களில் மாடு வளர்த்தார்கள். லயத்து வீட்டில் தயிருக்கும் மோருக்கும் பஞ்சம் இருந்ததில்லை. இன்று மாடு இல்லாவிட்டாலும் பால் கிடைக்கிறது.

ஒரு லிட்டர் முழுக் கொழுப்புப் பாலைக் காய்ச்சுங்கள். பெட்டியில் வரும் பாலாக இருந்தால் சூடாக்கினால் போதும். விரல் வைத்தால் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிடுங்கள். சூடு அதிகமானால் உறை செத்துவிடும். ஒரு கரண்டி தயிரையோ, உயிருள்ள உறை என்று போட்ட வெறும் யோகர்ட்டையோ கலக்கி மூடி வையுங்கள். நம் ஊர் வெயிலுக்கு ஐந்தாறு மணி நேரத்தில் தோய்ந்துவிடும். உடனே ஐஸ்பெட்டியில் வைத்துவிடுங்கள், புளிக்காது. பசும்பால் கிடைக்காத இடத்தில் முழுக் கொழுப்புப் பால்மாவைக் கரைத்தும் செய்யலாம்.

ஒரு எச்சரிக்கை. தேநீருக்கு ஊற்றும் டின் பாலில் தயிர் தோய்க்க முடியாது. அந்த டின்னை எடுத்து ஒரு முறை வாசித்துப் பாருங்கள். பலவற்றில் 'சூசு' என்றே இருக்காது. 'கிரீமர் மானிஸ்' என்றுதான் இருக்கும். சீனி, பால்மாவு, செம்பனை எண்ணெய் கலந்தது அது. நாம் அறுத்துப் போட்ட குலையின் எண்ணெயே டின்னுக்குள் போய் நமக்கே பாலாகத் திரும்பி வருகிறது! பிள்ளைகளுக்கு அதைப் பால் என்று கரைத்துக் கொடுக்கவே கூடாது.

ஒரு லிட்டர் பாலில் 125 கிராம் டப்பா எட்டு நிரம்பும் தயிர் கிடைக்கும். எட்டு டப்பா யோகர்ட் என்ன விலை, ஒரு லிட்டர் பால் என்ன விலை என்று உங்கள் கடையில் பார்த்துக் கணக்கு போடுங்கள்.

ருசிக்கு என்ன செய்வது? பழுத்த பீசாங் மாஸ் ஒன்றை நசுக்கிப் போடுங்கள். பப்பாளி, மாம்பழம், பலாச்சுளை எதுவும் ஆகும். பழத்திலும் சீனி உண்டுதான். ஆனால் நார்ச்சத்தும் வைட்டமினும் கூடவே வருகின்றன. பிள்ளை இனிப்புக்குப் பழகியிருந்தால் முதல் வாரம் பாதி ருசி யோகர்ட், பாதி வெறும் தயிர் என்று கலந்து கொடுங்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தயிரைக் கூட்டுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் நாக்கு மாறிவிடும்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு மோர் இருக்கவே இருக்கிறது. தயிரில் நாலு பங்கு தண்ணீர், கொஞ்சம் உப்பு, இஞ்சி, கறிவேப்பிலை. வெயிலில் வேர்த்துக் கொட்டும் உடம்புக்குக் கேஸ் தண்ணீரை விட இது எவ்வளவோ மேல். இரத்தக் கொதிப்புக்காரர்கள் உப்பைத் தவிர்க்கலாம்.

யார் யார் கவனிக்க வேண்டும்?

கைக்குழந்தை: ஆறு மாதத்துக்குப் பிறகு, மற்ற உணவோடு இரண்டொரு கரண்டி வெறும் தயிர் கொடுக்கலாம். ருசி யோகர்ட் வேண்டாம். ஒரு வயது ஆகும்வரை தேன் கலந்த எதையும் கொடுக்கவே கூடாது.

நீரிழிவுக்காரர்: வெறும் தயிர் சாப்பிடலாம். ருசி யோகர்ட்டின் சீனியை அன்றைய கணக்கில் சேர்க்க வேண்டும். மருந்தை நிறுத்திவிட்டுத் தயிரை நம்பாதீர்கள்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்: தயிர் எவ்வளவு சாப்பிடலாம் என்பதை கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள். மருத்துவர் சொன்ன அளவை மீற வேண்டாம்.

பாலே ஒவ்வாதவர், சைவ உணவுக்காரர், டப்பா வாங்க வசதி இல்லாதவர் யாரும் கவலைப்பட வேண்டாம். சுண்ணாம்புச் சத்து கேழ்வரகில் இருக்கிறது, முருங்கைக் கீரையில் இருக்கிறது, தௌஃபூவில் இருக்கிறது. மீன் சாப்பிடுகிறவர்களுக்கு முள்ளோடு சாப்பிடும் நெத்திலியில் நிறைய இருக்கிறது. லயத்துக்குப் பின்னால் நிற்கும் முருங்கை மரத்துக்கு விளம்பரம் இல்லை, அவ்வளவுதான்.

வாங்கியதைக் கெடாமல் வைக்க

யோகர்ட்டைக் கடைசியாக எடுங்கள். தோட்டம் வந்துசேர ஒரு மணி நேரம் மோட்டார் சைக்கிளில் வெயிலில் வருவதானால், ஐஸ் போட்ட பையில் வையுங்கள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஐஸ்பெட்டியில் வையுங்கள். 'தாரிக் லுப்புட்', அதாவது காலாவதித் தேதியைப் பாருங்கள். தேதி நெருங்கியதை விலை குறைத்துப் போட்டிருந்தால், அன்றோ மறுநாளோ சாப்பிட வாங்கலாம். சேர்த்து வைக்க வாங்காதீர்கள். மூடி உப்பியிருந்தாலும், பூஞ்சணம் தெரிந்தாலும், "மேலாக எடுத்துட்டுச் சாப்பிடலாம்" என்று நினைக்காமல் கொட்டிவிடுங்கள்.

நினைவில் வைக்க

1. ராமுவானில் முதலில் பால் இருக்க வேண்டும்; சீனி பின்னால் இருக்க வேண்டும்.
2. 100 கிராம் வரிசையைப் பார்த்து ஒப்பிடுங்கள்.
3. மொத்தச் சீனியில் 4 கழித்தால் மீதிதான் சேர்த்த சீனி. 4 கிராம் ஒரு தேக்கரண்டி.
4. புரதம் மூன்றரை கிராமுக்கு மேல் இருந்தால் நல்லது.
5. மெங்கண்டுங்கி, லெம்பு, 120 இவற்றைச் சைவக்காரர்கள் பாருங்கள்.
6. வெறும் யோகர்ட்டோ வீட்டுத் தயிரோ வாங்கி, பழத்தை நீங்களே சேருங்கள்.

பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல ஆண்டுகளாகச் சீனியைக் குறைக்கச் சொல்லி வருகிறது. அது ஒரு சங்கத்தின் வேலை மட்டுமல்ல. கிளைக் கூட்டத்துக்கு வரும்போது மாதர் பகுதித் தோழியர் இரண்டு காலி டப்பாக்களைக் கொண்டுவாருங்கள். எல்லோரும் சேர்ந்து வாசித்துப் பார்ப்போம். தோட்டத்துக் கடைக்காரரிடம், "அண்ணே, வெறும் யோகர்ட்டும் போடுங்க, நாங்க வாங்குறோம்" என்று பத்துப் பேர் சேர்ந்து சொன்னால் அவர் போடுவார். சம்பள உயர்வைக் கேட்டு வாங்கிய கைகள் நம்முடையவை. அந்தச் சம்பளம் எதற்குப் போகிறது என்பதையும் நாமே பார்த்துக்கொள்வோம்.